போய்ச் சேர்ந்தது

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கேபிள்" என்று சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிட வேண்டும். நின்றால் தொலைந்தேன். "எங்க வீட்டுல நாலு சேனல் புள்ளி புள்ளியா வருது" என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் முடிவெட்டுகிறவர் பல வருடமாக என்னை டி.வி. கேபிள்காரன் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். கத்தி அவர் கையில் இருப்பதால் நானும் திருத்தியதில்லை.

நிஜத்தில் நான் வேலை பார்ப்பது கடற்கரையோரம் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடத்தில். வெளியிலிருந்து பார்த்தால் மீன் பதப்படுத்தும் கிடங்கு மாதிரி இருக்கும். உள்ளே நுழைந்தால் அதே குளிர். நாட்டை விட்டு வெளியே போகிற பேச்சு, எழுத்து, படம், காதல், கடன் பாக்கி, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்தக் கட்டடத்துக்கு வந்து, மணலுக்கடியில் இறங்கி, கடலுக்கடியில் படுத்துக் கிடக்கும் ஒரு கேபிள் வழியாக அக்கரைக்குப் போகிறது. செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய்த் தடிமன்தான். உள்ளே முடி போன்ற கண்ணாடி இழைகள். அதில் ஓடுவது வெளிச்சம். வெளிநாட்டுக்கு ஃபோன் பேசுகிற எல்லோரும் ஏனோ வானத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். "அங்கே இல்லை, கீழே" என்று நான் கைகாட்டினால், ஏதோ காசு விழுந்துவிட்டது என்று தேடுகிறார்கள்.

எங்களுக்கு இருப்பது ஒரே கேபிள். இரண்டாவது போடப்போகிறோம் என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்கள். இப்போது எனக்குத் தலை முன்பக்கம் வழுக்கை.

எங்கள் தொழிலில் அதிகம் புழங்குகிற சொல் 'போய்ச் சேர்ந்துடுச்சு'. இங்கிருந்து ஒரு வெளிச்சத் துடிப்பை அனுப்புவோம். அக்கரையில் இருப்பவரிடம் கேட்போம். "போய்ச் சேர்ந்துடுச்சா?" "சேர்ந்துடுச்சு." அவர் அனுப்புவார், நான் சொல்வேன். நாள் பூராவும் இதே பஜனைதான். ஒரு முறை வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் பேசும்போது, "போய்ச் சேர்ந்துடுச்சா? அப்பாடா, ரொம்ப சந்தோஷம்!" என்று கத்தினேன். விருந்துக்கு வந்திருந்த மனைவியின் பெரியப்பா திடுக்கிட்டு, "யாரு மாப்ள, வேண்டாதவங்களா?" என்று கேட்டார். அதை வைத்து வருடக்கணக்காகச் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரி, மூக்குத் துடைத்து வளர்த்தவள் இவள்தான். கல்யாணமானபோது பெண்ணோடு ஒரு பையனையும் சேர்த்துத்தான் எனக்குக் கொடுத்தார்கள். நானும் மறுக்கவில்லை; வீட்டில் என் ஜோக்குக்குச் சிரிக்க ஒரு ஆள் வேண்டுமே. அவன் வளர்ந்து, படித்து, அக்கரையில் வேலை கிடைத்துப் போன பிறகு, தினமும் இவளுக்கு ஃபோன் செய்வான். அந்தப் பேச்சும் என் கேபிள் வழியாகத்தான் போகும். "மாமா, என் அக்கா பேச்சைத் தாங்கற அளவுக்கு அந்த ஒயரு ஸ்ட்ராங்கா?" என்பான். "அதுக்கு மேலே இரும்புக் கம்பி சுத்தியிருக்கு மாப்ள, எனக்குத்தான் ஒண்ணும் சுத்தலை" என்பேன்.

அவனுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. அங்கேயே ஆபரேஷன் என்று முடிவாயிற்று. "கல்லை வாங்கி வச்சுக்கோ, மோதிரத்துல பதிச்சுக்கலாம்" என்று நான் சொல்லி முடித்துவிட்டேன். இவள் முடிக்கவில்லை. ஒரு வாரம் அதே சண்டை. ஒரு காலையில் நான் காபி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஃபோனை மேஜையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு கையையும் ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து யாருடா போடுவா?"

"என் கூட ரூம்ல இருக்கறவன் போடுவான்க்கா."

"எவனோ ஒருத்தன் கையெழுத்துப் போடவா உன்னை வளர்த்தேன்? லீவு போட்டுட்டு இங்க வா. இல்ல, நான் வரேன்."

"நீ வந்தா டாக்டருக்கு ஆபரேஷன் பண்ணணும். அக்கா, நான் என்ன குழந்தையா?"

"இல்லப்பா, நீ பெரிய மனுஷன். பெரிய மனுஷனெல்லாம் எனக்கு எதுக்கு ஃபோன் பண்ணணும்? இனிமே பண்ணாதே. கேட்டுச்சா? எனக்கு ஃபோனே பண்ணாதே!"

பதில் இல்லை. 'டொக்' என்ற சத்தம்கூட இல்லை.

"வச்சுட்டான் பாருங்க" என்றாள். முகம் சிவந்துவிட்டது. "என்கிட்டயே ஃபோனை வச்சுட்டான்."

நான் சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் ஃபோன் அடித்தது. உள்ளூர் அழைப்பு, ஆபீஸிலிருந்து. "சார், லைட்டெல்லாம் செவப்பு. ஒண்ணுவிடாம செவப்பு."

ஏதோ ஒரு கப்பல் நிற்கக்கூடாத இடத்தில் நங்கூரத்தைப் போட்டு, அது பிடிக்காமல் தரையை உழுதுகொண்டே போயிருக்கிறது. அதில் எங்கள் கேபிள் அறுந்துவிட்டது. ஓடிப்போய் வெளிச்சம் அனுப்பி, அது எங்கே முட்டித் திரும்புகிறது என்று பார்த்தோம். நடுக்கடல். பழுது பார்க்கிற கப்பல் வேறொரு கடலில் வேறொரு கேபிளைத் தூக்கிக்கொண்டிருந்தது. அது அதை முடித்து, எண்ணெய் நிரப்பி, காற்றும் மழையும் ஓய்ந்து வந்து சேரும்வரை, நாட்டுக்குள் யாரும் யாரோடும் பேசலாம். வெளியே ஒரு சொல் போகாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு ஜோக் அடித்தேன். எனக்கு அது ஒரு வியாதி. இருமல் வருகிறவனை நிறுத்தச் சொல்ல முடியுமா?

"அவன் வைக்கலை. நீ 'ஃபோன் பண்ணாதே'ன்னு சொன்னே பாரு, அந்த வார்த்தையில கேபிளே அறுந்துடுச்சு. உனக்குக் கருநாக்குடி! நாட்டோட வாயையே கட்டிட்டே."

அவள் கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "நல்லா செவப்பாத்தான் இருக்கு" என்றாள். நான் அதை மறுநாள் ஆபீஸில் சொன்னேன். ஆபீஸே சிரித்தது. "ரிப்போர்ட்ல நங்கூரம்னு எழுதாதீங்க சார், அக்கா வாய்னு எழுதுங்க" என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து அதையும் அவளிடம் சொன்னேன்.

ஆனால் நாள் போகப் போக அவள் சிரிப்பது குறைந்தது. "நிஜமாவே அவன் வைக்கலையா?" என்று கேட்பாள். நான் வைக்கவில்லை என்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, கேபிள் அறுந்தப்போதான் அவனும் வச்சிருப்பானோ?" என்பாள். அவன் ஆபரேஷனுக்குக் குறித்த நாள் வந்தது, போயிற்று. அன்று பூராவும் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டே வேலை செய்தாள். அக்கரையிலிருந்து எதுவும் வராது என்று தெரியும். ஆனாலும் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொண்டாள். அவனுக்கு ஒரு செய்தி எழுதி அனுப்பி வைத்திருந்தாள். அது போகாமல் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படத்தோடு நின்றது. என்ன எழுதியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன், ஃபோனைத் திருப்பிக்கொண்டாள்.

அவசரத்துக்கு என்று விண்ணிலிருந்து ஒல்லியாக ஒரு இணைப்பு இருந்தது. அரசாங்கத்துக்கும் விமான நிலையத்துக்கும் மட்டும். எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபியூஸ், சட்டென்று போய்விடுவார். அவரிடம் போய் நின்றேன்.

"சார், ஒரே ஒரு கால். மச்சானுக்கு ஆபரேஷன்."

"யோவ், என் சம்பந்தி வீட்டுல குழந்தை பொறந்திருக்கு, ஆணா பொண்ணான்னு எனக்கே தெரியாது. உனக்குத் தொறந்துவிட்டா ஊர்ல ஒருத்தனுக்கும் இல்லைன்னு சொல்ல முடியாது. போய்யா, போய் கேபிளைப் பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. தெருவில் நடக்கவே பயமாக இருந்தது. மளிகைக் கடைக்காரர் மகன் வெளிநாட்டில், எதிர்வீட்டு டீச்சருக்குப் புருஷன் கப்பலில், முடிவெட்டுகிறவருக்கு மட்டும் கவலையில்லை. "நம்ம சீரியல் ஒழுங்கா வருதுங்க" என்று பாராட்டினார்.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. அறுந்த இரண்டு முனையையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி, நடுவில் புதுத் துண்டு வைத்து, இழை இழையாக ஒட்டினார்கள். கடைசி ஒட்டு முடிந்ததும், கேபிள் இன்னும் கப்பலின் மேல்தட்டில் இருக்கும்போதே ஒரு முறை மின்சாரம் கொடுத்து, சரியாக இருக்கிறதா என்று இரண்டு கரையும் சோதிக்கும். பிறகு மின்சாரத்தை நிறுத்திக் கேபிளைக் கடலில் இறக்குவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் முதலில் உயிர் வருவது எங்களுடைய ஃபோனுக்குத்தான். ஆர்டர் ஒயர் என்று பெயர். இந்தக் கரை எஞ்சினியரும் அந்தக் கரை எஞ்சினியரும் பேசிக்கொள்ள மட்டும்.

அந்தக் கரையில் இருப்பவரை நான் பார்த்ததே இல்லை. பெயர் தெரியும், நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர் என்று தெரியும், ஆனால் அழைப்பது 'எதிர்க்கரை' என்றுதான். அவர் என்னையும் அப்படியே. குரலை வைத்துக் குண்டாக இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

"எதிர்க்கரை! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன், எதிர்க்கரை! உங்க குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு. வீட்டுல என் பொண்டாட்டி குரலைத் தவிர வேற ஒண்ணும் கேக்கலை."

சிரித்தோம். சோதனையை ஆரம்பித்தோம். நடுவில் விதியை மீறி ஒன்று கேட்டேன். மச்சானோடு அறையில் இருக்கும் பையனின் எண்ணைச் சொல்லி, "உங்க ஊர் நம்பர்தான். கொஞ்சம் போட்டுக் கேளுங்களேன். என் மச்சான் ஆஸ்பத்திரியிலேர்ந்து ரூமுக்குப் போய்ச் சேர்ந்துட்டானான்னு."

"இதுக்கென்ன, இருங்க."

அவர் தன் கைபேசியில் பேசுகிற முணுமுணுப்பு தூரத்தில் கேட்டது. நான் மானிட்டரில் வெளிச்சத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"எதிர்க்கரை... விசாரிச்சேன். அவர்... போய்ச் சேர்ந்துட்டாருங்க."

குரல் இறங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? லெவல் குறைகிறதோ என்று மீட்டரைப் பார்த்தேன். மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. "கொஞ்சம் சன்னமா கேக்குது, ஆனா புரிஞ்சுடுச்சு! ரொம்ப நன்றிங்க!" என்று கத்தினேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் கப்பலிலிருந்து உத்தரவு வந்தது, மின்சாரத்தை நிறுத்தினோம். ஆர்டர் ஒயர் செத்தது.

உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"உன் தம்பி நல்லா இருக்கான்! ஆபரேஷன் முடிஞ்சு ரூமுக்குப் போய்ச் சேர்ந்துட்டானாம்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நிஜமாவா? ஜோக் அடிக்கலையே?"

"சத்தியமாடி. அக்கரை எஞ்சினியரே கேட்டுச் சொன்னார்."

"வரட்டும். லைன் வரட்டும். அவனுக்கு இருக்கு" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.

கேபிளைக் கடல் தரையில் படுக்க வைத்துவிட்டு, கப்பல் விலகியதும், மறுபடி மின்சாரம் கொடுத்தோம். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஆனால் உடனே மக்களுக்குத் திறந்துவிட முடியாது. எங்கள் பாஷையில் 'ஊறப்போட' வேண்டும். அழுக்குத் துணியை சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறோமே, அது போல. பல மணி நேரம் யாருடைய பேச்சும் இல்லாத வெற்றுத் துடிப்புகளை மட்டும் ஓடவிட்டு, எங்காவது பிசகுகிறதா என்று பார்ப்போம். அந்த நேரத்தில் கேபிளுக்கு உயிர் இருக்கும், ஆனால் அதில் போகிற எதற்கும் அர்த்தம் இருக்காது.

ஊறப்போட்டுவிட்டு ஆர்டர் ஒயரை எடுத்தேன்.

"எதிர்க்கரை, இனிமே உங்களுக்குத் தூக்கம் போச்சு!"

அவர் சிரிக்கவில்லை. "மனசைத் தேத்திக்கிட்டீங்களா?" என்றார்.

"எதுக்கு? கேபிளுக்கா?"

"வீட்டுல சொல்லிட்டீங்களா? அந்தப் பையன் மறுபடி கூப்பிட்டான். பாஸ்போர்ட் காப்பி வேணுமாம். பாடியை அனுப்பறதுக்கு சொந்தக்காரங்க சம்மதம் கேக்கறாங்களாம்."

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீட்டரைப் பார்த்தேன். லெவல் சரியாக இருந்தது.

"நீங்க... போய்ச் சேர்ந்துட்டான்னு சொன்னீங்களே."

"ஆமாங்க" என்றார் அவர். அந்த 'ஆமாங்க'வுக்குப் பிறகுதான் அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். "ஐயையோ. ஐயையோ, நீங்க அதை... கடவுளே! செத்துட்டார்னு எப்படிங்க சொல்றது, அதான் அப்படிச் சொன்னேன். மயக்கம் தெளியவே இல்லையாம். நீங்க நன்றின்னு சொன்னப்போ அதிர்ச்சியில பேசறீங்கன்னு நெனச்சேன்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் இயந்திரங்களின் ரீங்காரம். பக்கத்தில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். இருபது வருடத்தில் அந்த அறையின் குளிர் முதல் முறையாக எனக்கு உறைத்தது.

அப்போதுதான் ஃபியூஸ் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "ஊறினது போதும்யா. எடுத்துப் பிழிஞ்சு காயப்போடு. மந்திரி முதல் கால் பேசணுமாம், போட்டோகிராபரெல்லாம் ரெடி."

திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் அக்கரையில் தேங்கி நின்ற செய்தி எல்லாம் ஒரே மூச்சில் பாயும். அறைப்பையன் எத்தனை அனுப்பியிருப்பான்! கடைசியில் வந்ததுதான் இவள் திரையில் மேலே நிற்கும். கையில் ஃபோனோடு, தம்பியைத் திட்டக் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் கொடுத்த சந்தோஷத்தோடு.

"சார், முழுசா ஊறட்டும்."

"என்னய்யா, மந்திரின்னு சொல்றேன், நீ..." என்று வெடிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நான் சொன்னேன். ஜோக் இல்லாமல் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஃபியூஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ வீட்டுக்குப் போ. போய் உன் வாயால சொல்லு. சொல்லிட்டு எனக்கு ஃபோன் போடு. அதுவரைக்கும் எவன் கேட்டாலும் அழுக்கு போகலைன்னு சொல்லிடறேன்."

வழி பூராவும் வாக்கியம் தயார் செய்தேன். 'இந்தா பாரு' என்று ஆரம்பிக்கலாமா? உட்கார வைத்துச் சொல்லலாமா, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்லலாமா? ஒரு நாளைக்கு நாற்பது பேரைச் சிரிக்க வைக்கிற வாய். அதில் உபயோகமாக ஒரு சொல் இல்லை.

வாசலிலேயே எதிர்வீட்டு டீச்சர் மடக்கினார். "லைன் வந்துடுச்சாமே! உங்க மச்சானுக்கும் சுகமாயிடுச்சாம், அக்கா இப்பதான் சொன்னாங்க." நான் தலையாட்டினேன். தலை அது பாட்டுக்கு ஆடியது.

உள்ளே வீடு பெருக்கித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவள் தலைகுளித்து, ஈரமுடியைத் துண்டால் கட்டிக்கொண்டு, மேஜை முன்னால் நல்ல புடவையில் உட்கார்ந்திருந்தாள். வீடியோ காலுக்காம். ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிற்க வைத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா? எப்ப தொறந்துவிடுவீங்க? மொதல்ல பேசவே மாட்டேன். சும்மா முறைச்சுக்கிட்டு உட்காந்திருப்பேன். அவனே 'அக்கா, அக்கா'ன்னு கெஞ்சணும். அப்புறம்தான் வாயைத் தொறப்பேன். என்ன, அப்படியே நிக்கறீங்க?"

"இந்தா பாரு..."

"முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க? வேண்டாம், இன்னிக்கு ஜோக் வேண்டாம். நான் சிரிச்சா கண்ணுல தண்ணி வந்துடும், மை கலைஞ்சுடும்."

நான் அவள் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். வழியில் தயார் செய்த எல்லா வாக்கியமும் எங்கோ போய்விட்டது. எதிர்க்கரைக்குக் கிடைத்த அதே சொல்தான் எனக்கும் கிடைத்தது.

"அவன் போய்ச் சேர்ந்துட்டான்டி."

"அதான் ஃபோன்லயே சொன்னீங்களே" என்றாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் வேறெங்கும் பார்க்காமல் அவளையே பார்த்தேன். அவள் முகத்தில் அந்தச் சொல் மெல்லத் திரும்புவது தெரிந்தது. சிரிப்பு வாயில் அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது. துண்டு அவிழ்ந்து ஈரமுடி தோளில் விழுந்தது. அதை எடுத்துக் கட்டவில்லை.

"எப்போ?"

"ஆபரேஷன் அன்னிக்கே. மயக்கம் தெளியலையாம். நான் அவர் சொன்னதைத் தப்பா எடுத்துக்கிட்டேன். ரூமுக்குன்னு நெனச்சேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அதற்குத் தோதாகக் கொஞ்சம் முன்னால் நகர்ந்தும் உட்கார்ந்தேன். அவள் மிக மெதுவாக, கணக்குப் போடுகிறவள் போலப் பேசினாள்.

"ஃபோன் பண்ணாதேன்னு சொன்னேன். பண்ணலை. நீங்கதானே சொன்னீங்க, எனக்குக் கருநாக்குன்னு."

"அது ஜோக்குடி! நங்கூரம். ஏதோ ஒரு கப்பல்காரன்..."

"கேபிளே அறுந்துச்சுன்னீங்க. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்கன்னீங்க."

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"எனக்குத் தெரியும் விளையாட்டுன்னு" என்றாள். "ஆனா சொல்லிட்டீங்களே. வச்சுட்டுத்தான் போயிருக்கான். என் மேல கோவமா வச்சுட்டுப் போயிட்டான்."

நங்கூரத்தைப் பற்றி மறுபடி சொன்னேன். அலாரம் அடித்த நேரத்தைச் சொன்னேன். வெளிச்சம் எங்கே முட்டித் திரும்பியது என்பதைக்கூடச் சொன்னேன். எத்தனை வருடப் படிப்பு, எத்தனை அனுபவம்! எல்லாம் சேர்ந்தும் என் ஒரு ஜோக்கின் எடைக்கு வரவில்லை.

என் ஃபோன் அடித்தது. ஃபியூஸ். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அவள் தலைநிமிர்ந்தாள்.

"இன்னும் தொறக்கலையா?"

"எனக்காக நிறுத்தி வச்சிருக்காங்க. உன்கிட்ட நான் முதல்ல சொல்லணும்னு."

"தொறந்துவிடச் சொல்லுங்க" என்றாள். "டீச்சர் காலையிலேர்ந்து வாசல்ல நிக்கறா. நம்ம வீட்டுக்காக அவ எதுக்குக் காத்துக்கிட்டிருக்கணும்?"

ஃபோனை எடுத்தேன். "விட்டுடுங்க சார்" என்றேன்.

முதலில் எதிர்வீட்டில்தான் கேட்டது. ஒரு மணி, பிறகு டீச்சரின் கூச்சல், "ஹலோ! ஹலோ! கேக்குதா?" அப்புறம் மாடிவீட்டில். அப்புறம் தெரு முழுக்க. எல்லா ஜன்னலிலும் ஹலோ. யாரோ கைதட்டினார்கள். மந்திரி யாரோடு என்ன பேசினாரோ, தெரியாது.

சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த ஃபோன் நடுங்க ஆரம்பித்தது. நடுங்கி நடுங்கி நகர்ந்து, சரிந்து, மேஜையில் குப்புற விழுந்தது. நிற்கவே இல்லை. அவள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிங்க" என்றாள். "அவன் எழுதினது இருந்தா மட்டும்."

எடுத்தேன். மேலே இருந்ததெல்லாம் அறைப்பையனுடையது. படிக்காமல் விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனேன். மச்சானின் பெயருக்குள் நுழைந்து, அதிலும் ஆரம்பத்துக்குப் போனேன். கேபிள் அறுந்த அதே காலை.

"படிங்க."

"'அக்கா, நான் வைக்கலை. லைன்தான் போச்சு. ஒயர் தாங்கலை பாத்தியா, நான் அன்னிக்கே மாமாகிட்ட கேட்டேன்.'"

"அடுத்தது."

"'அக்கா, இதுவும் போகலை. மாமா அங்க தூங்கறாரு போல. ஒரு உதை விட்டு எழுப்பு.'"

நான் நிறுத்தினேன். கண்ணாடியில் நீராவி படிந்த மாதிரி எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது.

"படிங்கங்க."

"'நாளைக்குக் கல்லு எடுக்கறாங்க. நீ கோவத்துல இருந்தா மாமா மேல காட்டிக்கோ. அவருக்குப் பழக்கம்தான். வந்து பேசறேன்.'"

"வைக்கலைன்னா சொல்றான்?"

"வைக்கலைன்னுதான் சொல்றான்."

"மறுபடி படிங்க. மொதல்ல இருந்தது."

படித்தேன். மறுபடி கேட்டாள், மறுபடி படித்தேன். எதிர்வீட்டில் டீச்சர் புருஷனோடு சண்டை போட ஆரம்பித்திருந்தார்; இத்தனை நாள் பாக்கி. அதன் பிறகுதான் அவள் அழுதாள். நாற்காலியிலிருந்து தரைக்குச் சரிந்து, என் முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டு, மை கலைய அழுதாள். நான் அவள் ஈரத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஜோக்கும் வரவில்லை. வந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

வெகுநேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நான் ஒண்ணு அனுப்பினேனே. அது என்ன ஆச்சு?"

திரையைப் பார்த்தேன். 'சாப்பிட்டியா? கோவம் போயிடுச்சுடா. ஃபோன் பண்ணு' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்த கடிகாரப் படம் மறைந்து, அக்கரையில் எங்கோ, யாரோ அணையாமல் பார்த்துக்கொள்கிற அவன் ஃபோனில் அது இறங்கிவிட்டதற்கு அடையாளமாக இரண்டு கோடுகள் விழுந்திருந்தன.

அதற்கு எங்கள் தொழிலில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. நான் அதைச் சொல்லவில்லை. வேறு சொல் தேடிக்கொண்டே அவள் முடியைக் கோதிவிட்டேன்.